சிவப்பு வட்டத்துக்கு அப்பால்

காளியாயி பொய்க்காரி என்று ஊத்துக்கல் தோட்டத்தில் இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். சொல்கிறவன் வாய் புழுத்துப் போகட்டும். அவள் சொன்ன பொய் எனக்குத் தெரியும். அதை அவளுக்குப் பழக்கிக் கொடுத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். நான் அந்தப் பங்களாவில் அப்புவாக இருந்தவன், அதாவது சமையல்காரன். பெயர் இக்னேசியஸ். தேத்தண்ணித் தட்டோடு அறைக்கு அறை போய்வருகிறவனை எந்தத் துரையும் ஆளாக மதிப்பதில்லை. எனக்கு இங்கிலீஷ் புரியும் என்பதையும் அவர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். அதனால் நடந்தது முழுவதையும் கேட்டவன் நான்தான்.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. நோட்டன் பிரிட்ஜ் கரண்டு எங்கள் பங்களாவுக்கும் வந்திருந்த காலம். பெரிய துரையின் தம்பி, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து சீமைக்குப் படிக்கப் போனவர், திரும்பி வந்து இறங்கினார். நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று நல்லது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். வந்தவர் சும்மா வரவில்லை, தகரப் பெட்டி பெட்டியாக எக்ஸ்ரே படங்களைக் கொண்டுவந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவருக்குப் படத்துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என்ன படம்? முட்டையின் வெள்ளைக்கருவுக்குள் ஏதோ ஒரு புரதம் இருக்கிறதாம். அதைக் கற்கண்டு போலக் கட்டியாக்கி, சீமையில் ஒரு கல்லூரியில் அதன் மேல் எக்ஸ்ரே விட்டுப் பிடித்த படங்கள் அவை. நான் தினமும் புட்டிங்குக்கு அடித்து நுரையாக்குகிற வெள்ளைக்கருவுக்கு இவ்வளவு மரியாதை! படத்தில் முகமும் கிடையாது, மரமும் கிடையாது. வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். நடுவில் இருக்கிற புள்ளிகள் அழுத்தமாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக மங்கி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது.

குடிக்க ஆள் துணை இல்லாத சாயங்காலங்களில் படத்துரை எனக்கே பாடம் எடுப்பார். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்று எண் கொடுத்து, அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் புரதத்தின் உருவம் கிடைக்கும். நடுப்புள்ளிகளை மட்டும் எடுத்தால் கொழுக்கட்டை தெரியும். ஓரத்துப் புள்ளிகளையும் சேர்த்தால்தான் உள்ளே இருக்கிற பருப்பு தெரியும். இது நான் விளங்கிக்கொண்ட விதம். எவ்வளவு தூரம் ஓரத்துக்குப் போனாய் என்பதில்தான் அவர்களுக்குள் போட்டியே. ஆனால் போனேன் என்று வாயால் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்ல வேண்டும். இருவரும் எவ்வளவு வேறுபட்டார்கள் என்று நூற்றுக்கு இத்தனை என்று எழுதிக் காட்ட வேண்டும். அது குறையக் குறையப் படத்துக்கு மதிப்பு.

“ஏன் தொரை, தேயிலைப் பொம்பளைகள வைக்காம நீங்களே பார்த்தா என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும். என் கண் அதையே காட்டும். தேயிலைக்காரிக்கு ஒரு ஆசையும் இல்லை. அதனால் அவள் இருப்பதைச் சொல்வாள்” என்றார் இங்கிலீஷில்.

ஆசை இல்லையாம்! பெரிய ஞானி!

காளியாயியின் ஆசையை அந்தத் தோட்டத்தில் நாய்கூட அறியும். அவள் புருஷன் அழகன் ஸ்டோரின், அதாவது தேயிலை ஆலையின், மேல்தட்டிலிருந்து கொழுந்துச் சாக்கோடு விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற ஒரு ஆளாவது இருந்தால்தான் குடியிருக்க லயத்தில் ஒரு அறை, காம்பரா. பேர் போனால் காம்பராவும் போகும். பிள்ளையில்லாத வீட்டில் பேர் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். அந்தப் பத்தடிக் காம்பராவிலேயே அழகன் நிம்மதியாகக் கண்ணை மூடட்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்டதில்லை. ஒடிந்தவனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? இந்த நாடும் அவளைத் தன்னுடையவள் என்று சொல்லவில்லை, பாட்டன் பாட்டி விட்டுவந்த நாட்டை அவள் கண்ணால் கண்டதுமில்லை.

ஸ்டோரில் தேயிலையிலிருந்து குச்சி பொறுக்குகிறவர்களில் அவள் கண்தான் கூர்மை என்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா சொல்லப்போய், படத்துரை அவளைப் பங்களாவுக்கு எடுத்தார். இன்னொருத்தி வீரம்மா. அவளும் குச்சி பொறுக்கியவள்தான், மூன்று பிள்ளைக்காரி, விதவை. காலையில் வீரம்மா, மத்தியானம் காளியாயி. உள்ளே விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி மேல் படம் கிடக்கும். கையில் ஒரு அட்டை, அதில் மங்கலிலிருந்து கறுப்பு வரைக்கும் எண் போட்ட புள்ளிகள். படத்துப் புள்ளி அட்டையில் எதற்குச் சமம் என்று பார்த்து அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். துரை முதுகைக் காட்டி மேசையில் உட்கார்ந்து எழுதுவார். கண்ணாடியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார். சீமையில் மற்றவர்கள் அந்த வட்டத்தோடு நின்றுவிட்டார்களாம். இவர் அதற்கு அப்பால் போகப் போகிறாராம்.

முதல் நாளே காளியாயி சொன்னாள்: “இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியலீங்க தொரை.”

“இருக்கு. நீ பாக்குது இல்ல. பாரு.”

பார்த்தாள். இல்லாததை எத்தனை தரம் பார்த்தாலும் இல்லைதானே. ஏதோ வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னாள். காலையில் வீரம்மாவும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். சாயங்காலம் துரை இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கறுப்பாகத் தெரிகிற நடுவில் இரண்டு பேரும் ஒத்துப்போயிருந்தார்கள். வட்டத்துக்கு அப்பால் ஆளுக்கொரு பக்கம். துரைக்கு வந்ததே கோபம்! இரண்டு பேருக்கும் அன்றைக்கு அரைப் பேர் போடச் சொல்லிவிட்டார். அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன்தானே, எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. சீமையில் இரண்டு பேர் வேறுபட்டால், பார்த்தது கஷ்டமான புள்ளி என்று அர்த்தமாம். எங்கள் ஆட்களுக்கு அப்படியா? கொழுந்தை மலையில் ஒருமுறை நிறுப்பார்கள், ஸ்டோரில் மறுபடி நிறுப்பார்கள். இரண்டு நிறையும் ஒத்துவராவிட்டால் தராசைத் திட்ட மாட்டார்கள், கணக்கப்பிள்ளையைத் திட்ட மாட்டார்கள். கொழுந்து பறித்தவளுக்கு அரைப் பேர். அதனால் மலையில் நிறுக்கும்போதே நாலு இறாத்தல் குறைத்துச் சொன்னாலும் வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு வரப் பழகியவர்கள் அவர்கள். இரண்டு கணக்கு இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேல் உண்மை என்று ஒன்றை அந்தத் தோட்டம் அவர்களுக்குக் காட்டவேயில்லை.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது வீரம்மாதான் வழி சொன்னாள். “ஏ காளியாயி, அந்தக் கோட்டுக்கு அங்கிட்டு ரெண்டு பேரும் பெரட்டுத் தப்பு மாதிரியே சொல்லிப்புடுவமா? நீ மறந்தாலும் அது மறக்காதுல்ல.”

காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆட்களை எழுப்பிக் கூட்டிவர சோலைமலை தப்பு என்கிற பறையை அடிப்பான். ஓங்கி ஒரு அடி, அடக்கி இரண்டு அடி. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட சத்தம். அதன்படி, வட்டத்துக்கு வெளியே ஒவ்வொரு வரிசையிலும்: ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு.

அன்று சாயங்காலம் படத்துரை கணக்கைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். வேறுபாடு நூற்றுக்கு ஆறு! ஓரத்தில்கூட, அங்கங்கே வரிசை பிசகியதையும் சேர்த்து, ஆறுதான்! எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். அவர்களுக்கு முழுப் பேர் விழுந்தது. இரண்டு மாசம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். பிறகுதான் காளியாயி நடையில் கல் தட்ட ஆரம்பித்தது.

முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் நான் நீட்டிய கோப்பையை விட்டுவிட்டுப் பக்கத்தில் காற்றைப் பிடித்தாள். குசினிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

“பனி விழுந்த மாதிரி இருக்குங்க அப்பு. ரெண்டு கண்ணும்தான். மருந்தய்யாகிட்ட காட்டுனேன். படலம் விழுந்திருக்காம். கண்டிக்குப் போனா வெட்டி எடுத்துருவாங்களாம். பத்து இருவது நாளுல பழையபடி தெரியுமாம்.”

“அப்ப போயேன், மகராசி!”

“லீவு கேக்கணுமே. ஏன்னு கேப்பாரு. கண்ணுக்குன்னுதான் சொல்லணும். கண்ணு தெரியாதவளுக்குக் கண்ணு வேல குடுப்பாங்களா? அன்னைக்கே பேர வெட்டிருவாரு. இவர எங்க கொண்டு போய்ப் போடுவேன்?” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “படம் முடியட்டும் அப்பு. முடிஞ்சதும் போறேன். அந்தக் கோட்டுக்கு அங்கிட்டு எனக்குக் கண்ணே வேணாமே.”

அது என்னவோ உண்மைதான். ஓரத்துக்குப் பெரட்டுத் தப்பு இருந்தது. நடுப்புள்ளிகளைக் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிக் குனிந்து வேலை செய்வதைப் பார்த்து, என்ன சிரத்தை என்று துரை மெச்சிக்கொண்டார். காப்பாற்றக்கூடிய கண்கள். ஒவ்வொரு நாளும் துரையின் படத்துக்காக இருட்டிக்கொண்டு போயின.

படங்கள் முடிகிற சமயத்தில் சீமைக் கல்லூரியின் பேராசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் கொழும்பில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி ஹட்டனுக்கு வந்தார். நரைத்த தாடி, தங்கமான பேச்சு, எனக்குக்கூட நன்றி சொல்வார். சாப்பாட்டு மேசையில் கணக்குத் தாள்களைப் புரட்டினார். நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“நடுவில் வேறுபாடு ஆறு. ஓரத்தில் எவ்வளவு?”

“ஓரத்திலும் ஆறு” என்றார் படத்துரை, பல்லெல்லாம் தெரிய.

பேராசிரியர் கரண்டியைக் கீழே வைத்தார். “அது முடியாதே, அப்பனே. மங்கின புள்ளியில் யாருக்கும் தடுமாற்றம் வரும். உனக்கும் எனக்கும் வரும். ஓரத்தில் வேறுபாடு ஏற வேண்டும். அது ஏறுகிறதைப் பார்த்துத்தான் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறோம். ஏறாவிட்டால் உன் ஆட்கள் புள்ளியைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள்.”

படத்துரையின் முகம் சிவந்து போயிற்று. அன்றைக்கு அவர் புட்டிங்கைத் தொடவில்லை.

மறுநாள் மத்தியானம் காளியாயி வழக்கம்போல வந்து கண்ணாடி முன் உட்கார்ந்தாள். நான் தேத்தண்ணி கொண்டு போனேன். பேராசிரியர் ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். படத்துரை ஒரு படத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் ஒன்றுமே இல்லை. கழுவிய வெறும் படம். ஒரு புள்ளி கிடையாது.

“இது ஓரம் மட்டும் வெட்டின துண்டு. வட்டத்துக்கு வெளிய. சொல்லு” என்றார்.

எப்படியாவது அவளைத் தடுக்க வேண்டும் என்று, “காளியாயி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாரேன், சூடா இருக்கு” என்றேன் உரக்க. துரை என்னைப் பார்த்த பார்வையில் தட்டு உருகியிருக்கும்.

“வேணாம் அப்பு, வேலயில இருக்கேன்” என்றாள் அவள். மூக்கு கண்ணாடியில் முட்ட, விரலால் வரிசை பிடித்து, தெளிவான குரலில் ஆரம்பித்தாள். “ரெண்டு. ஒண்ணு. ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு. ஒண்ணு.”

படத்துரை எழுதவில்லை. அவளைச் சொல்ல விட்டார். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. பேராசிரியர் தாடிக்குள் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். அடக்க முடியவில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தார்கள். காளியாயி என்ன நினைத்தாளோ, தன் வேலை பிடித்துப்போய்த்தான் சிரிக்கிறார்கள் என்று அவளும் லேசாகச் சிரித்தாள். கடவுளே, அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

படத்துரை எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே கைமுஷ்டியை நீட்டினார். “எத்தன விரல்?”

அவள் தடுமாறினாள். வெளிச்சத்தில் ஏதோ நிழல் தெரிந்திருக்கும். “ரெண்டுங்க தொரை.”

மறுபடி சிரிப்பு. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. விளங்கிவிட்டது. அப்படியே நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து அவர் கால் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“தொரை, படலம்தாங்க. கண்டியில எடுத்துருவாங்க. பத்து நாளு விட்டீங்கன்னா பழையபடி எல்லாத்தையும் பாத்துச் சொல்லிருவேன். பேர மட்டும் வெட்டிராதீங்க சாமி.”

“முன்னம் ஏன் கேக்குது இல்ல?”

“கேட்டா பேரு போயிருமேங்க.”

“இப்ப போகுது இல்லையா?” என்றார் படத்துரை. சப்பாத்தை உருவிக்கொண்டார். பேராசிரியர் தாளைப் புரட்டிக்கொண்டே, “பாவம்” என்று இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம் சீனி கேட்டார்.

வீரம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் அடித்துச் சொன்னாள்: “அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாதுங்க தொரை. நான் பாத்ததத்தான் சொன்னேன்.” வெளியே வந்ததும் அவளைப் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். பெரட்டுத் தப்பு யோசனை யாருடையது என்று நினைவுபடுத்தினேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“ஒங்களுக்கு பங்களா சோறு அப்பு. எம் புள்ளைங்களுக்கு நீங்க போடுவீங்களா? போடுவீங்கன்னா இப்பவே உள்ள போய் சொல்றேன்.”

நான் குசினிக்குத் திரும்பிவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

படத்துரை என்ன செய்தார் தெரியுமா? ஓரத்தை விட்டுக்கொடுத்தாரா? அவரா விடுவார்! பேராசிரியர் கப்பலேறியதும், வீரம்மாவையே காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை பார்க்க வைத்தார். வட்டத்துக்கு அப்பால் அவளுக்கும் ஒன்றும் தெரியாது, அது அவருக்கும் தெரியும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். “மத்தியானம் வேற நம்பர் சொல்லு. வட்டத்துக்குள்ள கொஞ்சம் வேற. வெளிய போகப் போக ஜாஸ்தி வேற. விளங்குது?” வீரம்மாவுக்கு நன்றாக விளங்கியது. ஒத்துப்போகாவிட்டால் அரைப் பேர் என்று அடித்தவரே இப்போது ஒத்துப்போனால் அரைப் பேர் என்கிறார், அவ்வளவுதானே. வேறுபாடு நடுவில் ஆறு, ஓரத்தில் முப்பதுக்கு மேல், படிப்படியாக அழகாக ஏறியது. சீமையில் அச்சடித்துவிட்டார்கள். பழக்கப்பட்ட இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தது என்று போட்டிருந்தது. படத்துரை அதை எனக்கு வாசித்துக் காட்டி ஒரு போத்தல் உடைத்தார். நான் என் கிளாஸைத் தொட்டிச் செடிக்குள் ஊற்றினேன். செடிக்கு என்ன ஆயிற்றோ.

அதெல்லாம் பின்னால் நடந்தது. காளியாயிக்குப் பேர் வெட்டுகிற பத்துச்சீட்டு அந்த வாரமே வந்துவிட்டது. வேலை முடிந்தது, மாசக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். வலப்பனைப் பக்கம் அழகனுக்கு ஒரு தூரத்துச் சொந்தம் இருந்தது. அவர்கள் அழகனை வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாளுக்கு முதல் நாள் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. கொழுந்து பறிக்கக் கண் எதற்கு? இளங்கொழுந்து விரலுக்கே தெரியுமே. பெரட்டில் போய் நின்றால் கண்டாக்கு ஐயா மனம் இரங்கி மறுபடி பேர் போடமாட்டாரா? விடியக் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு, கம்பு தட்டித் தட்டிப் பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நின்றுவிட்டாள்.

நான் பால் எடுக்க அந்த வழியாக வந்தேன். பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. பெண்கள் எல்லோரும் மலையேறிவிட்டார்கள். போகிற வழியில் ஒருத்திகூட அவள் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் களம். அதன் நடுவில் காளியாயி மட்டும் நிமிர்ந்து நின்றாள். முகம் கண்டாக்கு நிற்கிற திசையை விட்டு வேறெங்கோ பார்த்திருந்தது. கண்டாக்கும் சோலைமலையும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தூணில் சாய்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“காளியாயி, வா வீட்டுக்குப் போவோம். பெரட்டுக் கலைஞ்சு போச்சு” என்றேன்.

“இல்லீங்க அப்பு. எம் பேரு இன்னும் வரல. கடசியிலதான் கூப்புடுவாங்க.”

“ஒருத்தரும் இல்லடி இங்க. எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க.”

அவள் நம்பவில்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். கண்டாக்கு என்னைப் பார்த்து, பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தான். பிறகு சோலைமலைக்குக் கை காட்டினான். சோலைமலை தப்பை எடுத்தான். ஓங்கி ஒரு அடி, அடக்கி இரண்டு அடி.

காளியாயியின் முகம் மலர்ந்துவிட்டது. கம்பைக் கீழே போட்டாள். கூடைக் கயிற்றை நெற்றியில் இழுத்துச் சரிசெய்து, இன்னும் விறைப்பாக நின்றாள்.

“பாத்தீங்களா அப்பு,” என்றாள், “இப்பத்தான் கூப்புடப் போறாங்க.”